பதினோராவது தோல்வி

அந்த வருஷம் நாங்கள் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடினோம். ஒன்றில் ஜெயித்தோம். அந்த ஒன்றைப் பற்றி யாராவது கேட்டால் எந்த ஊர், எத்தனை செட் என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியாகத் தோற்ற ஆட்டம் மட்டும் பந்துக்குப் பந்து நினைவிருக்கிறது.

பெண்களுக்கான வாலிபால் லீக் அது. ஊருக்கொரு அணி, அணிக்கொரு முதலாளி. திருச்சி அணிக்கு நான் கேப்டன். முப்பது வயதைத் தாண்டியிருந்தேன். அதுவரை கல்லூரிக்கும் ஜில்லாவுக்கும் சும்மா ஆடிக்கொண்டிருந்தவளுக்கு, சம்பளம் வாங்கி ஆடிய முதல் வருஷம் அதுதான். எங்கள் பக்கம் வரும் பந்தை ஒருத்தி கையில் வாங்கி உயர்த்தி விடுவாள். அதை வலைக்கு மேலே, அடிப்பவளுக்கு வாகாகத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. அடிப்பவள் என் தோழி. கல்லூரி முதல் வருஷத்திலிருந்து நான் தூக்கிக் கொடுத்ததை அவள் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் எந்த உயரத்தில் பந்தை விரும்புவாள் என்பது என் விரல்களுக்குத் தெரியும்.

எனக்கு ஸ்ரீரங்கம். அவளுக்குப் பாலக்கரை. காலை ஐந்தரைக்கு என் ஸ்கூட்டரில் பாலம் தாண்டிப் போய், அவள் தெருமுனையில் ஹாரன் அடிப்பேன். ஈரத்தலையைப் பின்னிக்கொண்டே ஓடி வருவாள். பின்னால் உட்கார்ந்ததும், "நேத்து அத்தா போன் பண்ணாங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள்.

அப்பாவை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கு துபாயில் ஏ.சி. மெக்கானிக் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். அவர் வருகிற சமயத்தில் ஆட்டம் இருக்காது. ஆட்டம் இருக்கும்போது அவருக்கு லீவு கிடைக்காது. பள்ளிக்கூட நாளிலிருந்து இப்படியேதான். லீக் ஆட்டங்களை போனில் நேரலையாகக் காட்டியதால், அந்த வருஷம் ரூமில் கூட இருப்பவர்களையெல்லாம் சேர்த்து உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தோற்கத் தோற்க, ரூமில் பார்க்கிறவர்களும் குறைந்துவிட்டார்களாம். "இப்ப அத்தா மட்டும்தாண்டி பாக்கறாங்க" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றபோது யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. புது அணி, பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார்கள். ஆறாவது தோல்விக்குப் பிறகு முதலாளி மைதானத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். எட்டாவதுக்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் யாரும் யாரோடும் பேசவில்லை. வெளியூர் ஆட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது எல்லோரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வோம். யாரும் தூங்கியதில்லை.

தோல்விக்கு ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. என் தோழி அடிப்பதில் கெட்டிக்காரி. எதிரணியின் சர்வீஸைக் கையில் வாங்குவதில் சுமார். அதை மற்ற அணிகள் கண்டுபிடித்துவிட்டன. பந்தை அவளைப் பார்த்தே போட்டார்கள். பதினோராவது ஆட்டத்தில் தொடர்ந்து ஐந்து சர்வீஸ் அவள் கையில் பட்டு வெளியே தெறித்தது. ஆறாவது வரும்போது அவள் கண்களை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லீக் தொடங்கியபோது ஊர் முழுவதும் எங்கள் அணிக்கு பேனர் வைத்தார்கள். அதில் இருந்தது அவள் படம். தரையிலிருந்து எம்பி, கையைப் பின்னால் வளைத்து, அடிக்கப்போகும் அந்த நொடி. பந்தை அந்த இடத்தில் வைத்தது நான். படத்தின் ஓரத்தில் என் முழங்கை மட்டும் தெரிந்தது. என் அம்மாவிடம் அதைக் காட்டிச் சிரித்தேன். ஆனால் பாலக்கரை வழியாகப் போகும்போதெல்லாம் அந்த பேனரை நான் பார்க்காமல்தான் போனேன்.

கடைசி ஆட்டம் எங்கள் ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அதற்கு மூன்று நாள் முன்பு தெருமுனையில் நான் ஹாரன் அடிப்பதற்கு முன்பே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தா வராங்கடி! பதினஞ்சு நாள் லீவு. சனிக்கிழமை காலைல இறங்கறாங்க. மேட்ச் பாத்தே ஆகணும்னு சண்டை போட்டு வாங்கியிருக்காங்க."

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். பயிற்சி முழுவதும் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஆடினாள். அவள் அடித்த பந்துகள் தரையில் மோதும் சத்தம் பழைய மாதிரி கேட்டது.

ஞாயிறு காலை, லேசான பயிற்சிக்குப் பிறகு பயிற்சியாளர் என்னை மட்டும் கூப்பிட்டார். போலீஸ் அணியில் ஆடி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கையில் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தார்.

"இன்னைக்கு ஜெயிச்சா அடுத்த வருஷமும் டீம் இருக்கும்னு ஓனர் சொல்லியிருக்காரும்மா. இன்னும் ஒரு மேட்ச் ஜெயிச்சா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்னாரு."

"சரி சார்."

"உன் ஃப்ரெண்ட உக்கார வெச்சுட்டு, பெஞ்ச்ல இருக்கற அந்த காலேஜ் பொண்ண இறக்கலாம்னு பாக்கறேன். அவ அவ்வளவா அடிக்க மாட்டா. ஆனா பந்த வாங்கி உன் கைக்குக் குடுப்பா." கொஞ்சம் நிறுத்தினார். "நீ கேப்டன். பத்துப் பன்னெண்டு வருஷமா அவகூட ஆடற. நீ வேணாம்னு சொன்னா நான் மாத்தல. சொல்லு."

உண்மையாகவே கேட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவளுடைய அத்தா துபாயிலிருந்து வந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. முதல் செட்டிலாவது இறக்கியிருப்பார்.

"நீங்க பாத்து செய்யுங்க சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பட்டியலில் ஏதோ எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன், அது நிஜம். அடுத்த வருஷமும் ஆட வேண்டும் என்று நினைத்தேன், அதுவும் நிஜம். அவள் இல்லாமல் ஒரு தடவை ஜெயித்துக் காட்டினால் என்ன என்றும் தோன்றியது. அந்த மூன்றாவதை நான் வெகுநாள் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் பட்டியலைப் படித்தார். ஆறு பெயர்களில் அவள் பெயர் இல்லை. அவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஒரு முடிச்சுப் போட்டு, அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். மற்றவர்கள் வெளியே போனதும் என்னிடம் வந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"தெரியாது."

"உன்கிட்ட கேக்கலையா?"

"கேக்கலைடி. அவரா முடிவு பண்ணிட்டாரு."

"ஓ" என்றாள். பிறகு, "பரவால்ல. நடுவுல இறக்குவாரு. அத்தாகிட்ட ஒண்ணும் சொல்லல, வந்து உக்காரட்டும்" என்றாள்.

அவளுடைய அத்தாவும் அம்மாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கோடுகள் அப்படியே தெரிந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து தடுப்புக் கம்பி வரை வந்தார். போனில் பேசியிருக்கிறோமே தவிர நேரில் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் அத்தா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழக்கம்.

"நல்லாருக்கியாம்மா? எப்பக் கூப்பிட்டாலும் உன் பேச்சுதான் பேசுவா. நீ கூட இருக்கேன்னுதான் நாங்க தைரியமா இருக்கோம்."

"நல்லாருக்கேன் அத்தா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

முதல் செட் கைவிட்டுப் போனது. இரண்டாவதில் நெருங்கினோம். காலேஜ் பெண் பந்துகளை அழகாக வாங்கித் தந்தாள், பயிற்சியாளர் சொன்னபடியே. என் கைக்கு வந்த பந்தை வலைக்கு மேலே வைத்தேன், அந்த வருஷத்திலேயே மிக நன்றாக வைத்தேன். அடிக்கத்தான் ஆள் இல்லை. இரண்டு முறை பழக்க தோஷத்தில், அவள் எம்பும் உயரத்துக்கே பந்தைத் தூக்கிவிட்டேன். அங்கே யாரும் இல்லை. பந்து தானாகக் கீழே வந்தது.

நான் திரும்பும்போதெல்லாம் அவள் பெஞ்ச் பக்கத்தில் ஓடிக்கொண்டும் தோளைச் சுழற்றிக்கொண்டும் இருந்தாள், கூப்பிட்டால் உடனே வருவதற்கு. அத்தா எல்லாப் பாயிண்ட்டுக்கும் கை தட்டினார். முதலில் எதிரணிப் பாயிண்ட்டுக்கும் தட்டினார்; அம்மா அவர் கையைப் பிடித்ததும் நிறுத்தினார். மூன்றாவது செட்டின் நடுவில் அவள் தோளைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று செட்டும் தோற்றோம். ஐந்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

கூட்டம் என்று சொல்லும்படி இருந்த நூறு பேரும் கலைந்தார்கள். விளம்பரத் தட்டிகளை ஆட்கள் கழற்றத் தொடங்கினார்கள். வலையை இன்னும் இறக்கவில்லை. அத்தா தயங்கித் தயங்கி மைதானத்தின் ஓரத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார்.

"அம்மாடி, தப்பா நெனச்சுக்காத. இவ அடிச்சு நான் நேர்ல பாத்ததே இல்லை. ஒரே ஒரு பந்து... இப்ப அடிக்கலாமா? யாரும் திட்டுவாங்களா?"

"வேணாம் அத்தா, வாங்க போகலாம்" என்றாள் அவள்.

நான் பந்துக் கூடையை இழுத்துக்கொண்டு வலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் மேல் ஜாக்கெட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

முதல் பந்தைத் தூக்கிக் கொடுத்தேன். மூன்று எட்டில் வந்து எம்பி அடித்தாள். எதிர்ப்பக்கத்து மூலையில் விழுந்து சுவரில் மோதித் திரும்பியது. தட்டி கழற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றுகூட வலையில் படவில்லை, ஒன்றுகூட கோட்டைத் தாண்டவில்லை. கூடை காலியாகும்வரை அடித்தாள். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தை மட்டும் பார்த்தாள். அழுதுகொண்டே அடித்தாள் என்பது, அவள் எனக்குப் பக்கத்தில் தரையிறங்கிய ஒவ்வொரு முறையும் தெரிந்தது.

அத்தா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் கை தட்டினார். கடைசிப் பந்து உருண்டு நின்றதும் எழுந்து என்னிடம் வந்தார்.

"இவ்வளவு நல்லா அடிக்கறாளே. ஏம்மா இறக்கலை?"

குற்றம் சாட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டார். ஆட்டத்தில் தனக்குப் புரியாத ஏதோ விதி இருக்கும் என்று நினைத்துக் கேட்டார். நான் குனிந்து பந்துகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அவரும் கூடக் குனிந்து பொறுக்கிக் கூடையில் போட்டார்.

அடுத்த மாதம் முதலாளி அணியைக் கலைத்துவிட்டார். அந்த ஆட்டத்தில் ஜெயித்திருந்தாலும் கலைத்திருப்பார் என்று பிறகு தெரிந்தது. அவளை ஆடக் கூப்பிட்டபோது தோள் வலி, இனி ஆடவில்லை என்றாள். இரண்டு மூன்று முறை கூப்பிட்டேன். அதற்குப் பிறகு போனை அவள் அம்மாவே எடுத்து, "தூங்கறாம்மா" என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நானும் வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறிக்கொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு கோச் என்னைக் கேட்டார்டி. வேணாம்னு நான் சொல்லியிருந்தா உன்ன இறக்கியிருப்பாரு. நான் சொல்லலை. அத்தா வந்திருக்காங்கன்னும் சொல்லலை."

கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏன்?"

"ஜெயிக்கணும்னு நெனச்சேன்."

"ஜெயிச்சிருந்தா இப்ப வந்து சொல்லியிருப்பியா?"

கீழே தெருவில் யாரோ பழைய இரும்புக்குக் கூவிக்கொண்டு போனார்கள். அவள் மிச்சமிருந்த துணிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள். வாளியைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தாகிட்ட மட்டும் சொல்லிடாத. ரூம்ல எல்லார்கிட்டயும் உன்னப் பத்தித்தான் பேசறாங்களாம். மேட்ச் முடிஞ்சப்புறமும் என் மகளுக்காக நின்னு தூக்கிக் குடுத்துச்சு அந்தப் புள்ளைன்னு."

அம்மா கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள், எப்போதும் போல. வாசல் வரை வந்து வழியனுப்பினாள். மறுபடியும் வா என்று சொல்லவில்லை.

இப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். அவள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறாள் என்று கேள்வி. பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அனுப்புவேன். நன்றி என்று பதில் வரும்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ, "அம்மாடி" என்றார்கள். அத்தா. தாடி முழுக்க நரைத்திருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டதாகச் சொன்னார். என் அம்மாவைப் பற்றி விசாரித்தார். குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"இவதான் ஆடறதை விட்டுட்டா. என்ன சொல்லியும் கேக்கல. நீ விட்டுடாதம்மா" என்றார். "இப்ப நான் இங்கயேதான் இருக்கேன். மேட்ச் இருந்தா ஒரு வார்த்த சொல்லு. முன்னாடி வரிசைல வந்து உக்காந்துக்கறேன்."

"சொல்றேன் அத்தா" என்றேன்.

பஸ் வரும்வரை அவர் போகவில்லை.