சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ரூம்

பொய் சொன்னால் கன்னத்தில் அறை விழும் வீடு எங்களுடையது. உண்மையைக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னால் என்ன விழும் என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்தச் சந்தில்தான் நான் பதினோரு வயதில் ஒருமுறை புகுந்து வந்தேன். நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனிமேல் சொன்னால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். அடிக்க வேண்டியவர்களுக்கெல்லாம் இப்போது முட்டி வலி.

எஸ்டேட்டில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தபோது, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் புலாவ் செபாங்குக்கு வந்தோம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில், சாலை வளைகிற இடத்தில், ஒரு பெரிய மரத்தடியில் பலகை வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு குசினி, அவ்வளவுதான். அப்பா பலகை அறுக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனார். ரூமில் அம்மா, நான், இரட்டையாய்ப் பிறந்த தம்பிகள் இருவர், ஒரு அரிசி மூட்டை. ஹாலில் அப்பாவும் அண்ணனும். அரிசி மூட்டைக்குத்தான் நல்ல இடம் கிடைத்திருந்தது.

அண்ணன் ஆயர் குரோவில் ஒரு ஃபேக்டரியில் இருந்தான். தன்னோடு வேலை செய்கிற பெண்ணைத்தான் கட்டுவேன் என்றான். பெண் வீடு புக்கிட் பெருவாங்கில், கல் வீடு. நாங்கள் எல்லாரும் பஸ் ஏறிப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசை விட்டுவிட்டு வந்தவர், ஆபீஸ் முகத்தை மட்டும் கூடவே கொண்டு வந்துவிட்டார்.

"எங்க பிள்ளை தனி ரூமுல படுத்துப் பழகினவ. உங்க வீட்ல எங்க படுப்பா? பேசாம மாப்பிள்ளை இங்கயே வந்து இருந்துரட்டும்லா" என்றார்.

அப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். பெரிய விசயம் எதுவானாலும் அப்பா அந்த விரலைத்தான் கலந்து பேசுவார். அண்ணனைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டியதுதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அப்போது அம்மா பேசினார். சபையில் அம்மா வாய் திறந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"நீங்க வீடு பார்க்க வாங்கண்ணே. வர்றப்ப ரூமு இருக்கும்."

தேதி குறிப்பதற்கு முன்னால் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். ரூம் இருந்தால் அண்ணன் எங்களுக்கு. இல்லாவிட்டால் அண்ணன் புக்கிட் பெருவாங்குக்கு.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா குரலை இறக்கிக் கேட்டார்: "எங்கேருந்துடி வரும் ரூமு?"

"தினம் மரம் அறுக்கிறீங்கல்ல, அங்கேருந்துதான்" என்றார் அம்மா.

அன்று சாயங்காலமே பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட உட்கார்ந்தோம். பென்சில் என் கையில். பள்ளிக்கூடத்தில் எனக்கு வந்த ஒரே பாடம் கலர் அடிப்பதுதான். மற்றப் பாடங்கள் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விடும். கூரைச் சிங்க் தகட்டைச் சரிவாக வைத்தால் மழைத் தண்ணீர் நேராகத் தொங்குப் பீப்பாயில் விழும் என்றார் அப்பா. அண்ணனுக்குப் பெரிய ஜன்னல் வேண்டும். தம்பிகளுக்கு ரயில் பார்க்க ஒரு ஓட்டை வேண்டும், ஆளுக்கு ஒன்று. கட்டிலைப் பெட்டி மாதிரி செய்து மேலே மூடி போட்டால் துணிமணியெல்லாம் உள்ளே போய்விடும் என்று நான் சொன்னேன். அரிசி மூட்டையும் போகும் என்று சொன்னதைத்தான் யாரும் கேட்கவில்லை.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "கதவு வைங்க. உள்பக்கம் தாப்பா வைங்க."

"கதவுக்கு நல்ல மரம் வேணும், கீல் வேணும். இப்போதைக்கு ஒரு திரையைத் தொங்க விட்டா போதாதா?"

"சேலைக்குப் பின்னால எட்டு வருசம் குடும்பம் நடத்தினவ நான்" என்றார் அம்மா. "கதவு."

அப்பா மறுபடியும் கட்டைவிரலைப் பார்த்தார். கதவு என்று நான் படத்தில் எழுதிக்கொண்டேன். லயத்தில் ஒரே அறையில் தாத்தா, ஆயா, அத்தைமார், சித்தப்பா எல்லாரும் படுத்திருக்க, ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால்தான் அப்பாவும் அம்மாவும் இருந்தார்களாம். எனக்கு அதைக் கேட்கப் பொறாமையாக இருந்தது. ஒளிந்து விளையாட எவ்வளவு வசதி!

ஆலையில் கழித்துப் போட்ட துண்டுப் பலகைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, தினம் கொஞ்சமாக அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் தூண் நட்டான். வீட்டோடு ஒட்டி, சாலையைப் பார்த்த பக்கமாக, ரூம் எழும்பியது. நெட்டுக்கு நிறுத்தி அடித்த பலகைகள். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். தூணுக்கும் தூணுக்கும் நடுவே அலமாரித் தட்டுகள். ஜன்னல், மூடி போட்ட கட்டில், கதவு. கதவில், என் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு தாழ்ப்பாள்.

பெயிண்டுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது தெங்கேராவிலிருந்து சித்தப்பா வந்து இறங்கினார். அப்பாவின் தம்பி. கோயில்களுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் அவருக்கு வேலை. அப்போதுதான் ஒரு கும்பாபிஷேக வேலையை முடித்திருந்தார். மிச்சம் இருந்ததைக் கோயில்காரர்களிடம் கேட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரிய டின் இரண்டு, ஒன்று காவிச் சிவப்பு, ஒன்று வெள்ளை. சின்ன டின்கள் ஏழெட்டு, நீலம், ரோஸ், மஞ்சள், கிளிப்பச்சை எல்லாம்.

"எல்லாம் சாமி உடம்புல பூசினது போக மிச்சம் அண்ணி. இவளே அடிக்கட்டும். இவ கைக்குத்தான் கலர் வருது" என்றார் சித்தப்பா. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

சின்ன டின்களை உள்ளே செலவழித்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு கலர். யாருடைய சட்டை யாருடைய தட்டில் என்று சண்டை வராது பாருங்கள். நீலத் தட்டு அண்ணனுக்கு, ரோஸ் அண்ணிக்கு. கீழே, முட்டி உயரத்தில் இரண்டு தட்டு மிச்சம் நின்றன.

"மஞ்சளும் பச்சையும் யாருக்கும்மா?"

"வர்றவங்களுக்கு" என்றார் அம்மா.

விருந்தாளிகளுக்கு இவ்வளவு கீழே தட்டு வைத்தால் குனிந்து எடுக்கக் கஷ்டப்படுவார்களே என்று நினைத்தேன். உள்வேலை திங்கட்கிழமையே முடிந்தது. புதன்கிழமை தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை.

வியாழக்கிழமை வெளிப்பக்கம். அப்பாவும் அண்ணனும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா தம்பிகளோடு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். இருந்தது இரண்டு பெரிய டின். ஒரு பலகை சிவப்பு, ஒரு பலகை வெள்ளை, ஒரு பலகை சிவப்பு, ஒரு பலகை வெள்ளை என்று அடிக்கலாம் என்றேன். கடைப் புட்டியில் இருக்கும் மிட்டாய் மாதிரி இருக்கும் என்பது என் கணக்கு. சித்தப்பா சரி என்று தொடங்கினார். இருபது வருசமாகக் கோயில் சுவர் அடித்த கை அது. சொந்தக்காரரைக் கேட்காமல் தானாகவே ஓடியது. நான் ஒரு பலகை முடிப்பதற்குள் அவர் நான்கு முடித்தார். நூல் பிடித்த மாதிரி பட்டை. தூர நின்று பார்த்துவிட்டு, "அலாமா, அழகு" என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் தெங்கேராவுக்குப் போய்விட்டார். அம்மா வந்து ஆசையாகத்தான் பார்த்தார். அப்பாவும் அண்ணனும் வரும்போது இருட்டிவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பசியாற உட்கார்ந்தபோது வெளியே மணிச்சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓர் அம்மா நிற்கிறார். கையில் தட்டு, தட்டில் தேங்காய், பழம், ஊதுபத்தி. கைமணியையும் அவரே கொண்டு வந்திருந்தார்.

"எப்பம்மா கட்டினீங்க? நேத்து பஸ்ஸுல போறப்பதான் பார்த்தேன். பூசாரி எத்தனை மணிக்கு வருவாரு?"

அப்பா ரொட்டியோடு வெளியே ஓடினார். சுவரை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தார். "அடிப்பாவி! சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையா அடிச்சா அது கோயில் செவருடி!"

மரத்தடி, சாலை வளைவு, பக்கத்தில் தண்டவாளம். நம் ஆட்கள் முனீஸ்வரரைக் குடிவைக்கத் தேடுகிற இடமே இப்படிப்பட்ட இடம்தானே? பட்டை மட்டும்தான் பாக்கி இருந்தது, அதையும் நான் போட்டுவிட்டேன். மத்தியானம் ஒரு செம்பனை லோரி நின்றது. டிரைவர் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு, கேட்கிற தூரத்தில் நாங்கள் இருந்தும் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். தம்பிகள் தேங்காயைப் பொறுக்கித் தின்றுவிட்டு, சுவரை இப்படியே விட்டுவிடலாம் என்று வேண்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வருகிறார்கள். இரண்டு டின்னும் காலி. வேறு பெயிண்ட் வாங்கி அடித்தாலும், சாரல் படுகிற வெளிச்சுவர் அந்த மழைக்காலத்தில் இரண்டு நாளில் காயாது.

"கோயில் மாதிரி ரூமைக் காட்டினா, கிண்டல் பண்றோம்னு நினைச்சிக்குவாரு அந்த மனுசன்" என்றான் அண்ணன். அழுதுவிடுவான் போலிருந்தது.

"ஈரப் பெயிண்டு அவர் வேட்டியில ஒட்டினா அது இதைவிட வினை" என்றார் அம்மா. "முன்னால கயிறு கட்டித் துணி காயப் போடுங்க. சாமி வீட்ல ஜட்டி காயாதுல்ல, வீடுன்னு தெரிஞ்சுக்குவாங்க."

அப்படியே செய்தோம். அப்பாவின் கைலிகள், பள்ளிச் சட்டைகள், தம்பிகளின் ஜட்டிகள் எல்லாம் என் பட்டையை மறைத்துத் தொங்கின. சனிக்கிழமை முழுக்க ஒருவரும் கும்பிடவில்லை. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. என் உத்தியோகத்தை ஜட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார்களே!

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தூறல் போட்டது. "துணியை எடுடி!" என்று குசினியிலிருந்து அம்மா கத்தினார். எடுத்தேன். பத்து நிமிசத்தில் தூறல் நின்றது. துணியைத் திரும்பப் போடச் சொல்லி யாரும் கத்தவில்லை. சொல்லாத வேலையைச் செய்கிற பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. இப்போதும் கிடையாது.

வேன் வந்தால் குரல் கொடுக்க வேண்டும் என்று என்னை மரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். வேன் வந்தது. நான் குரல் கொடுப்பதற்குள் அது தானாகவே எங்கள் சுவருக்கு முன்னால் நின்றது. வேட்டியும் அதற்குக் கீழே பளபளக்கும் கறுப்புச் சப்பாத்துமாகத் தாய்மாமன் இறங்கினார். பின்னாலேயே பெண்ணின் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும்.

"நல்ல காரியமா போறோம், வழியில கோயிலு. கும்பிட்டுட்டே போயிருவோம்" என்றார் தாய்மாமன். குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

கயிறு வைத்த சப்பாத்து. ஒரு கால் முடிந்து மறு கால். எவ்வளவு நேரம் இருந்தது எனக்கு! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மரத்தில் போகிற எறும்பைப் பார்த்தேன்.

அவர் சுவருக்கு நேரே நின்று கண்ணை மூடி, வாய் விட்டே வேண்டினார்: "சாமி, எங்க பிள்ளை போற எடம் நல்ல எடமா இருக்கணும். நீதான் பார்த்துக்கணும்." கன்னத்தில் போட்டுக்கொண்டார், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. பிறகு திருநீற்றைத் தேடினார். என்னைப் பார்த்தார்.

"பாப்பா, என்ன சாமிம்மா இது? முனீஸ்வரரா?"

"இல்ல மாமா. எங்க அண்ணன் ரூமு."

முதலில் சிரித்தது பெண்ணின் அம்மாதான். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, ரூமையே கும்பிட்டுட்டீங்களே! இனிமே என்ன கொறை சொல்லுவீங்க?"

சத்தம் கேட்டு அப்பா சட்டைப் பொத்தான் போட்டபடி ஓடி வந்தார். சுவரைப் பார்த்தார், வெறுங்காலோடு நிற்கும் சம்பந்தியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கட்டைவிரலைப் பார்க்க நேரமில்லை.

தாய்மாமன் வெறுங்காலோடேயே ரூமுக்குள் போனார். ஜன்னலைத் திறந்தார், காற்று வந்து அவர் துண்டைத் தூக்கியது. கட்டில் மூடியைத் தூக்கிப் பார்த்தார். நீலத் தட்டு, ரோஸ் தட்டு, மஞ்சள், பச்சை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். கடைசியாக அண்ணாந்து, விட்டத்தில் அப்பா அடித்து வைத்திருந்த இரும்புக் கொக்கியைக் காட்டி, "இது எதுக்கு? விளக்கு மாட்டவா?" என்று கேட்டார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் மூன்று பேரும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். விளக்கில் என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கொக்கியில் அண்ணன் பிள்ளைகள் மூன்று பேரும் தூளியில் ஆடினார்கள். பிறகு என் மகள் ஆடினாள். போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது என் பேரனையும் அதில்தான் போட்டு ஆட்டினேன். கொக்கி அசையவில்லை, எனக்குத்தான் கை வலித்தது.

தாய்மாமனுக்கு அன்று புரிய ஒரு நிமிசம் ஆனது. புரிந்ததும் அந்த ஆபீஸ் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, தாத்தா முகமாக ஆனது.

"கும்பிட்டாச்சு. கும்பிட்ட எடத்துல கொறை சொல்லக் கூடாது. பிள்ளை இங்கயே இருக்கட்டும். காலண்டரை எடுங்க, தேதி பார்ப்போம்."

அண்ணன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். தம்பிகள் ஏன் என்றே தெரியாமல் குதித்தார்கள். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிய சித்தப்பா விசயத்தைக் கேட்டதும், "தெரிஞ்சுதான்லா பட்டை அடிச்சேன்" என்று சொல்லி இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார். அந்தச் சுவருக்கு இன்றுவரை வேறு கலர் அடிக்கவில்லை.

வேன் போனபிறகு, பாத்திரங்களைக் கூடக் கழுவாமல், அம்மா அந்த ரூமுக்குள் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது. நான் வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். தம்பிகள் கதவைத் தட்டப் போனார்கள். அப்பா வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "போங்கடா, போய் வெளையாடுங்க" என்று விரட்டினார். அரைமணி நேரம் அப்பா அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

அம்மா வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்து போயிருந்தது.

"என்னம்மா?"

"பெயிண்டு வாடை" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பாவம் என்று நினைத்துக்கொண்டு நான் உடனே உள்ளே போய், வாடை போகட்டும் என்று ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன்.