கடலுக்குப் போகவிருந்த பாட்டில்

கடலூரில் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு எனக்கு ஓயாத வயிற்றுவலி. மாத்திரை போட்டுக்கொண்டே சிதம்பரத்தில் தேர் வடம்கூடப் பிடித்தேன். கடைசியில் வேறொரு டாக்டர் வயிற்றைத் திறந்து, முன்பு உள்ளேயே மறந்து வைத்துத் தைத்திருந்த துணியை எடுத்து, பாட்டிலில் போட்டுத் தந்தார்.

"இந்தப் பீடைய உன் தலைய சுத்தி கடல்ல போட்டுடலாம்" என்றார் கணவர். பாட்டிலோடு கடற்கரைக்குக் கிளம்பிய நாங்கள், வழியில் எங்கள் தெரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது கடலுக்குப் போயிருந்தா, கோர்ட்டுல நாம எதம்மா காட்டறது?"

கைக்குட்டை அகலத் துணி. இதைச் சுமந்துகொண்டா தேர் இழுத்தேன்? என் உடம்பை நானே கும்பிடத் தோன்றியது.

வழக்கு நடக்கிறது. இப்போது யாருக்கு இப்படி நேர்ந்தாலும், எடுத்ததைச் சுற்றிப் போடாமல் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். தேரைப் பார்த்தால் மட்டும் கை தானாக வயிற்றுக்குப் போகிறது.