உச்சி மூடாத தொப்பி

எனக்கு முன்கோபம் அதிகம். பயம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். அதனால், வாயும் வயிறுமாக வந்திருந்த நாத்தனார், "மைனி, எம்பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னித் தாங்களேன்" என்று கேட்டதும் எரிந்து விழுந்தேன்.

"முதல்ல பிறக்கட்டும். அதுக்குள்ள ஏன் இந்தப் பற பறக்க?"

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். தேவிகுளத்துக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. எழுபதுகளில் ஒரு மழைக்காலம். அடுப்பை விட்டு நகர்ந்தால் விரல் விறைத்துப்போகும். அந்தக் குளிரில் தொப்பி கேட்டது தப்பே இல்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு உடுப்புச் செய்து வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பிறந்த பிறகு பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் ஜெபிக்கிற குடும்பம்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் யாரும் விளையாட மாட்டார்கள்.

நான் ஒருமுறை விளையாடினேன். என் முதல் பிள்ளை பிறக்குமுன்பே சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் பின்னி முடித்து வைத்தேன். அவன் மூச்சில்லாமல் பிறந்தான். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், அது போதாதா?

நாத்தனார் விடவில்லை. சரி, முடிக்காமல் வைத்தால் வழக்கத்தை மீறியதாகாது என்று நானாக ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். போடிமெட்டு இறங்கிப் போன யாரிடமோ சொல்லி மஞ்சள் நூல் வாங்கினேன். விளிம்பில் தொடங்கி மளமளவென்று பின்னிக்கொண்டு வருவேன். உச்சியை மூட வேண்டிய இடம் வந்ததும் ஊசியை நிறுத்திவிடுவேன். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவேன்.

"என்ன மைனி, நேத்து இதவிடப் பெருசால்லா இருந்துச்சு?"

"கண்ணி தப்பிருச்சு, போ அங்கிட்டு."

கொழுந்து கிள்ளப் போனாலும் மனம் வீட்டிலேயே கிடந்தது. வீட்டுக்கு வந்தால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

எட்டாம் மாதமே அவளுக்கு வலி கண்டது. மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பக்கத்து லயத்து மருத்துவச்சிதான் வந்து பிரசவம் பார்த்தாள். பெண் பிள்ளை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வாயைத் திறந்து அழுதது, சத்தம்தான் வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மருத்துவச்சி பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கம்பளியால் மூடினாள்.

"தல வழியாத்தான் சூடு போவும். தொப்பி இருந்தா கொண்டாம்மா" என்றாள் என்னிடம்.

அன்று காலையில்தான் பிரித்துப் போட்டிருந்தேன்.

வேட்டித் துண்டைத் தலையில் சுற்றினோம். அந்த மழையில் எந்தத் துணி காய்ந்தது? அதுவும் சில்லென்று இருந்தது. அடுப்போரம் உட்கார்ந்து பின்னத் தொடங்கினேன். கண்ணி நழுவியது. நழுவினால் நழுவட்டும் என்று போனேன். "மூச்சு விடுதா?" என்று கேட்பேன். "விடுது மைனி" என்பாள். அடுத்த வரிசை முடிவதற்குள் மறுபடி கேட்பேன். உச்சி வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. இழுத்து மூடி, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தேன்.

போட்டுப் பார்த்தால், தொப்பி பிள்ளையின் மூக்குவரை இறங்கிவிட்டது. அளவு பார்க்காமல் கை தன்பாட்டுக்குப் பின்னியிருக்கிறது. அது என் மகனுடைய தலை அளவு.

"பெருசாப் போச்சே" என்றேன்.

நாத்தனார் விளிம்பை மடித்துவிட்டாள். நேரம் போகப் போகப் பிள்ளையின் உதட்டில் சிவப்பு ஏறியது.

"இருக்கட்டும் மைனி. வளருவால்லா."

அவன் போனபோது சொட்டுக் கண்ணீர் விடாமல் கல் மாதிரி கிடந்தவள் நான். இப்போது அந்த மண்தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

"மெல்ல மைனி" என்றாள் அவள். "பிள்ள முழிச்சிரும்."