குழம்புக்கு வாங்கிய மீன்

தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அன்று மேஸ்திரி என் காதோரம் வந்து ஏதோ சொன்னார். "இன்னா மேஸ்திரி?" என்றேன். மறுபடியும் சொன்னார். கேட்கவில்லை. கடைசியில் அவர் கத்த வேண்டியதாயிற்று: "டீச்சரம்மா போய்ட்டாங்கபா!" அப்படி ஒரு செய்தியைக் கத்திச் சொல்ல நேர்ந்ததாலோ என்னவோ, இன்றுவரை அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காலையில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய என் மனைவி, "சாயந்தரம் வந்து சோறு ஆக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது எழுதித் தரும்படி செலினின் தங்கை ரீட்டா கேட்டாள். உங்களுக்கெல்லாம் அவள் செலின் டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவளை உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். நான் மில்லில் ஃபிட்டர். வீட்டில் அவளோடு இருந்த காலமும் கொஞ்சம்தான். அதில் பெரும்பகுதி ஒரு மீன் தொட்டியைச் சுற்றியே கழிந்தது. அதனால் அதைத்தான் எழுத வருகிறது.

தொட்டி நான் செய்தது. இரும்பு ஆங்கிள் வெட்டி வெல்டிங் வைத்து, கண்ணாடி பொருத்தி, காற்று ஊதும் சின்ன மோட்டாரும் மாட்டிக் கொடுத்தேன். பாண்டியிலிருந்து செலின் தங்க மீன்கள் வாங்கி வந்து அதில் விட்டாள். கூழாங்கல், உடைந்த ஓட்டுத் துண்டு, வாய் உடைந்த ஒரு மண்சட்டி, எல்லாம் அவள் பொறுக்கி வந்தவை.

ஒரு வெள்ளிக்கிழமை பாகூர் ஏரி மீன் விற்கிற அம்மாவிடம் குழம்புக்கு ஜிலேபி மீன் வாங்கினாள். கழுவும்போது அதில் ஒரு குஞ்சு துள்ளியது. "இன்னாங்க, இது உசுரோட கீதுங்க!" என்று கூவியவள், நான் எழுந்து வருவதற்குள் அதைத் தொட்டியில் போட்டுவிட்டாள்.

"ஏரி மீனு செலின், மத்தத அடிக்கும்."

"இத்துனூண்டு கீது, இது எத அடிக்கும்?"

அது வளர்ந்தது. வளர வளர அடித்தது. மணலில் வாயால் பள்ளம் தோண்டிக்கொண்டு, அந்தப் பக்கம் வருகிற தங்க மீனையெல்லாம் துரத்தித் துடுப்பைக் கிழித்தது. பக்கத்து வீட்டு லூர்து அக்கா வரும்போதெல்லாம் சிரிப்பார்: "கொழம்புல கெடக்க வேண்டியது, கண்ணாடி வூட்ல ரவுடித்தனம் பண்ணுது பாரு." எடுத்துச் சமைத்துவிடலாம் என்று நானும் சொன்னேன். செலின் ஒப்பவில்லை. "தின்ன மாட்டோம்னு வுட்டாச்சு. இனிமே அது நம்ம வூட்டு மீனு" என்றாள்.

நான் படித்த படிப்புக்குத் தெரிந்ததைச் செய்தேன். தொட்டியின் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தேன். அந்தப் பக்கம் மற்ற மீன்கள் போவதைப் பார்த்துப் பார்த்து ஜிலேபி தடுப்பில் முட்டியது. மூக்கில் வெள்ளையாகப் புண் வந்துவிட்டது. செலின் தடுப்பை உருவி என் கையில் கொடுத்தாள். "கண்ணு எதிர்ல வச்சிட்டுத் தொடாதேன்னா எப்டிங்க?"

பிறகு தொட்டிக்குள் கையை விட்டு எல்லாவற்றையும் இடம் மாற்றினாள். சட்டி இருந்த இடத்தில் ஓடு, ஓடு இருந்த இடத்தில் கற்கள். பள்ளத்தை மணல் தள்ளி மூடினாள். ஜிலேபிக்குத் தன் இடம் எது என்று தெரியவில்லை. புது ஊருக்குக் குடிவந்தது மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. அடிக்க மறந்துவிட்டது. "அதுக்குக் கோவம்லாம் இல்லீங்க. இது என் எடம்னு ஒரு நெனப்பு, அவ்ளோதான்." ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் போய் வந்ததும் அவளுக்கு இதுதான் முதல் வேலை. வகுப்பிலும் அப்படித்தான் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அடித்துக்கொள்கிற பிள்ளைகளை வெளியே நிறுத்த மாட்டாளாம். வகுப்பு முழுவதையும் எழுப்பி, இடம் மாற்றி உட்கார வைப்பாளாம்.

கடைசி ஞாயிறு காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மாற்றி வைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் தொட்டியைப் பார்த்தேன். ஜிலேபி புதுப் பள்ளம் தோண்டியிருந்தது. ஒரு தங்க மீன் செத்து மிதந்தது. பிறகு இன்னொன்று. மிச்சமிருந்த ஒன்று வால் கிழிந்து, மோட்டார் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கிடந்தது. அதை ஒரு குண்டானில் தனியே விட்டேன். காற்றில்லாமல் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. திரும்பத் தொட்டியிலேயே விட்டேன். ஜிலேபியை ஏரியில் விட்டுவிடலாம் என்று வாளியில் எடுத்துப் போனேன். கரையில் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். அதையும் திரும்பக் கொண்டு வந்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கற்கள் அவள் கை கடைசியாக வைத்த கற்கள். சமையலறைப் பாத்திரங்களை யார் யாரோ புழங்கிவிட்டார்கள். புடவைகளை அவள் அம்மா எடுத்துப் போய்விட்டார். அவள் வைத்தது வைத்தபடி இருந்தது தொட்டிக்குள் மட்டும்தான்.

ரீட்டா வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "இன்னா மாமா, அது அடிச்சிக் கொல்ற வரைக்கும் பாத்துனே இருப்பீங்களா? கல்ல மாத்துங்க. அக்கா அதான பண்ணும்?"

"உங்க அக்கா வச்சதுடி."

"வச்சதுன்னு வுட்டா, அக்கா வளத்தது செத்துப் பூடும்."

"அப்போ நீ மாத்து."

வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை விட்டாள். தண்ணீர் முழங்கை வரை வந்தது. சட்டியைத் தொட்டவள் அப்படியே நின்றாள். பிறகு ஈரக்கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, "என்னாலயும் முடியல மாமா" என்று அழுதாள்.

அவள் போன பிறகு நானே செய்தேன். கற்களில் பாசி பிடித்து வழுக்கியது. எது எங்கே இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ள நினைத்தேன். ஆனால் முதல் கல்லை எடுத்ததுமே தண்ணீர் கலங்கி எல்லாம் மறைந்துவிட்டது. தெளிந்தபோது ஜிலேபி போக்கிடம் தெரியாமல் நடுவில் நின்றது. தங்க மீன் குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்து இரை தின்றது. அன்றைக்கு அது போதும் போலிருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், ஓட்டுக்குக் கீழே புதிதாக ஒரு பள்ளம். தங்க மீன் மறுபடியும் குழாய்க்குப் பின்னால் இருந்தது.

அவளுடையது என்று என்னிடம் இருப்பவை இந்த இரண்டு மீன்கள்தான். ஒன்று அடிக்கிறது, ஒன்று அடி வாங்குகிறது. இரண்டையும் விட முடியவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது இரண்டும் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் கற்களை மாற்ற வேண்டும். இனி எங்கே வைத்தாலும் அது நான் வைத்ததாகத்தான் இருக்கும்.