பெயரைச் சொல்லாதே என்று ஒரு பேனர்

முப்பது வருடமாக எங்கள் ஊர்த் திருவிழாவில் மைக் பிடிப்பவள் நான்தான். யார் எவ்வளவு நன்கொடை, யார் மகள் நர்ஸ் பரீட்சை தேறினாள், எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட என்னைப் பிடித்து, ஊர் மன்றத்துப் பின்னறையில் பிள்ளைகளுக்கு இணையத்தில் பத்திரமாகத் தேடக் கற்றுக்கொடு என்றார்கள். பிலிப்பைன்ஸிலேயே பொருத்தமான ஆளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்!

பிள்ளைகள் என்னைத் தீத்தா நெனிங் என்பார்கள். தீத்தா என்றால் அத்தை. பெரியவர்களுக்கு நான் மனாங், அதாவது அக்கா. நானும் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தேன். முழுப்பெயரைச் சொல்லாதே, பள்ளிக்கூடத்தைச் சொல்லாதே, படம் போடாதே, தெரியாத ஆள் பேசினால் பதில் போடாமல் பெரியவர்களிடம் காட்டு. தேடினால் முதலில் வருவதையே நம்பாதே, இன்னும் இரண்டு இடத்தில் பார்.

அதில் ஜெரிலின் என்ற ஒன்பது வயதுக்காரி கடலாமைப் பைத்தியம். ஆமைக்கு வழி எப்படித் தெரிகிறது என்று தேட ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுவாள். அவள் அம்மா மரிசெல் சந்தையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறாள். இணையம் என்றாலே அவளுக்குக் கிலி. நான் நடையாய் நடந்து கெஞ்சித்தான் பெண்ணை அனுப்பினாள்.

வகுப்பு முடிந்தது. எங்கள் ஊரில் யார் எதைச் சாதித்தாலும் தெருமுனையில் பேனர் தொங்க வேண்டும். என் பிள்ளைகளை மட்டும் விடுவேனா? முகம், முழுப்பெயர், செல்லப்பெயர், பள்ளி, வகுப்பு, பிடித்த விஷயம் எல்லாம் போட்டு அடித்தேன். மேலே சிவப்பில், ‘இணையத்தில் ஏமாறாத எங்கள் செல்வங்கள்!’ கீழே எல்லோரையும்விடப் பெரிதாக என் படம். தொங்கவிட்டது போதாதென்று அதைப் படமெடுத்து, உலகமே பார்க்கும்படி என் பக்கத்தில் போட்டு, அம்மாக்களின் பெயர்களையும் அதில் டேக் செய்து கோத்துவிட்டேன். வந்து குவிந்த லைக்கில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரமே மரிசெல் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்து தன் போனை நீட்டினாள். முகம் தெரியாத எவனோ எழுதியிருந்தான். ‘ஹாய் ஜெரிலின், மூணாம் வகுப்புதானே? ஆமை பொம்மை வச்சிருக்கேன். ஸ்கூல் வாசலுக்கு வரட்டுமா? அம்மாகிட்ட சொல்லாதே.’

“என் கணக்குக்குத்தான் வந்துச்சு, போன் இவ கையில இருந்துச்சு, முதல்ல பாத்தது இவதான். உடனே எங்கிட்ட கொண்டாந்து காட்டிட்டா. போதும் மனாங், இனிமே இவ இந்தப் பக்கமே வரமாட்டா,” என்றாள் மரிசெல். ஜெரிலினின் கண் நிறைந்துவிட்டது.

நான் பிள்ளைமேல் பாய்ந்தேன். “யாருகிட்டடி சொன்ன? படிச்சுப் படிச்சு சொன்னேனே!”

“நான் ஒண்ணும் சொல்லல தீத்தா.” கொஞ்சம் தயங்கினாள். “பேனர்ல எல்லாம் இருக்கே.”

போனில் என் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

பதிவை அழித்தேன். போலீசுக்கும் பள்ளிக்கும் மூவரும் போய்ச் சொன்னோம். பிறகு நானே ஏணி போட்டு ஏறினேன். “ஏன் மனாங் கழட்டுறீங்க, நல்லாத்தானே இருக்கு?” என்று கீழே கூட்டம் கூடிவிட்டது. “என் முட்டாள்தனத்தக் கழட்டுறேன், ஏணியப் புடிங்கய்யா!” என்று கத்தினேன். மைக்கே தேவைப்படவில்லை.

இறங்கியதும் மரிசெல் கையைப் பிடித்துக் கேட்டேன். “புள்ளைய நிறுத்திடாத. அவமேல ஒரு தப்பும் இல்ல.”

“அவளப் பத்தி எனக்கு இப்ப பயமே இல்ல. உங்கள நெனச்சாத்தான் பயமா இருக்கு,” என்றாள். “அவ வருவா. ஆனா இனிமே நீங்க எதப் போடுறதா இருந்தாலும் அவகிட்ட காட்டிட்டுத்தான் போடணும்.”

சம்மதித்தேன். நேற்று என் பிறந்தநாள். ஆயுள் நீள எங்கள் ஊரில் பிறந்தநாளுக்குச் சாப்பிடும் நூடுல்ஸ் தட்டோடு வாசலில் நின்று எடுத்த படத்தை ஜெரிலினிடம் நீட்டினேன். திரையிலிருந்த ஆமையை விட்டுக் கண்ணை எடுத்து ஒரு நொடி பார்த்தாள்.

“பின்னாடி வீட்டு நம்பர் தெரியுது தீத்தா. வேண்டாம்.”

படத்தில் நான் அவ்வளவு அழகாக இருந்தேன். அழித்துவிட்டேன்.