மகளுக்காகப் பொம்மையாகக் கிடந்தேன்

என் இளைய மகள் மதுரையில் போலீஸ் வேலை பார்க்கிறாள். போன வருடம் ஒரு நாள் வாடிப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்தவள், தோள்பையைக்கூட இறக்காமல், "அம்மா, இன்னும் ஒரு மாசத்துக்கு நீதான் பொணம்" என்றாள்.

"ஏன்டி, வந்ததும் வராததுமா நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?" என்றேன்.

பிறகுதான் விவரம் சொன்னாள். பல நாட்டுப் போலீஸ்காரர்களும் தீயணைப்புக்காரர்களும் கூடும் விளையாட்டுப் போட்டி வெளிநாட்டில் நடக்கிறதாம். அதில் உயிர் காக்கும் நீச்சல் என்று ஒரு பிரிவு. நீச்சல் குளத்தில் பாதித் தூரம் நீந்திப் போய், அடியில் கிடக்கும் கனமான பொம்மையைத் தூக்கி, மீதித் தூரம் இழுத்து வர வேண்டும். பொம்மையின் முகம் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். முங்கினால் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். நீச்சலில் நல்ல வேகம் என்று இவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆனால் இவள் பழகும் குளத்தில் அப்படி ஒரு பொம்மை இல்லை.

"மண்ணு மூட்டையக் கட்டி இழுக்க வேண்டியதுதான?"

"மூட்டைக்கு மூஞ்சி இருக்காம்மா?"

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினேன்.

அது நாங்கள் வெட்டிய கிணறு. கூலிக்குப் போன காலத்தில் அடுத்தவர் கிணற்றை எட்டிப் பார்த்ததோடு சரி, நான் நீச்சல் பழகியது வாய்க்காலில். நானும் என் வீட்டுக்காரரும் நிலம் வாங்கியதும் முதல் வேலையாக இதைத்தான் வெட்டினோம். நல்ல அகலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த சமயம், மேல்படி வரை நிறைந்து கிடந்தது. அறுபத்தாறு வயதிலும் நான் அந்த மேல்படியிலிருந்து குதிப்பேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு என்ன கூச்சம்?

தினமும் காலையில் மகளும் மாப்பிள்ளையும் வண்டியில் வந்துவிடுவார்கள். நான் மல்லாந்து கிடப்பேன். அவள் என் அக்குளுக்குள் கை கொடுத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுப்பாள். மாப்பிள்ளை படியில் உட்கார்ந்து போனில் நேரம் பார்ப்பார். "அத்தை, நேத்தைக்கு இன்னைக்கு ரெண்டு செகண்டு கொறச்சல்!" என்று கத்துவார். மகளுக்கு முகமெல்லாம் பல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் மூச்சு வாங்குவது என் காதருகே கேட்கும்போது என் கால் சும்மா இருக்காது. பிள்ளை திணறுகிறதே என்று தண்ணீருக்கு அடியில் மெல்ல உதைத்துக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் தெரியாமல். பிறகு தெரிந்தே.

கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தபோது, அவளுடைய பயிற்சியாளர் வெளியூரிலிருந்து நிஜப் பொம்மையை ஒரு நாளைக்கு மட்டும் வாங்கி வந்தார். மறுநாள் காலையில் என் மகள் கிணற்றுப் பக்கமே வரவில்லை. வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு தடவை இழுத்தேம்மா. மூணு தடவையும் மூஞ்சி முங்கிருச்சு. என்னால ஆகாது. போகலன்னு எழுதிக் குடுத்துறப்போறேன்."

இவள் போகாமல் நின்றால் அதற்குக் காரணம் நான்தான்.

"நான் கால ஒதைச்சேன்டி" என்றேன்.

"என்னது?"

"தெனமும்தான். நீ கஷ்டப்படுறியேன்னு."

"பொணம் நீந்துமாம்மா?" என்றாள். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி சட்டையில் கொட்டியது. அவள் சிரிக்கவில்லை. "அம்புட்டும் என் தெறமைன்னுல்ல நெனச்சேன்!" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றுப் படியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினேன். "ஏய், வாடி! இப்ப இழு பாப்போம்" என்று கூப்பிட்டேன். முறைத்துக்கொண்டேதான் வந்தாள்.

அன்றைக்கு நான் குடித்த தண்ணீரில் ஒரு பாத்தி நனைந்திருக்கும். "மூஞ்சி முங்குதுடி" என்று நான் சொல்ல, "பொணம் பேசக் கூடாது" என்று அவள் திட்ட, அப்படியே போனது. ஐந்தாம் நாள் என் மூக்கில் தண்ணீர் ஏறவில்லை. பத்தாம் நாள் போக வர இழுத்தாள். என் நெற்றிகூட நனையவில்லை.

போட்டியன்று மத்தியானம் கோரிப்பாளையத்தில் மாப்பிள்ளை வீட்டு டிவியில் பார்த்தோம். எட்டுப் பேர் குதித்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தொப்பி. தோளைப் பார்த்து என் மகளைக் கண்டுபிடித்தேன். பாதித் தூரத்தில் எல்லாரும் அடிக்குப் போனார்கள். ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். இவளைக் காணோம்.

"மாப்ள, எங்க அவ?"

"வருவா அத்தை, பொறுங்க."

முதலில் பொம்மையின் முகம் வந்தது, அப்புறம் இவள் முகம். ஏழாவதாக மேலே வந்த என் மகள் ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியை, அப்புறம் இரண்டு பேரைச் சேர்த்து. சுவரைத் தொட்டபோது மூன்றாவது. நடுவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று நான் மூச்சே விடவில்லை. பலகையில் இவள் பெயர் வந்ததும் மாப்பிள்ளை செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். எதிர்க்கடை பாய் கேட்காமலே டீ கொடுத்தனுப்பினார்.

அந்தப் படத்தைத் திரும்பப் போடச் சொல்லி எட்டுத் தடவை பார்த்தேன். எட்டுத் தடவையும் என் மகள்தான் மூன்றாவது. ஒரு தடவைகூட அந்தப் பொம்மையின் மூஞ்சி முங்கவில்லை.