சந்தனம் வைத்த டிஸ்க்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை மாற்றலாகிப் போகும்போது தன் பழைய கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளர். அம்மன் காரணமில்லாமல் எதையும் கொடுக்கமாட்டாள் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

திருவிழாக் காலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பேர், நட்சத்திரம், ராசி வாசித்து அர்ச்சனை செய்வது எங்கள் வழக்கம். முந்தின வருடம் நோட்டில் மழை சொட்டி ஒரு பக்கம் அழிந்து, கடைசி லயத்து வீட்டு வரிசையில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவின் வீடு விட்டுப்போனது. அவர் கணவர் அப்போது தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தார். "அம்மனுக்கும் எங்க வீடு தெரியலையா?" என்று அக்கா கேட்டார். இந்த வருடம் ஒரு பேரும் விடாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஒற்றை விரலால் மாதக்கணக்கில் தட்டி லயம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இனி நோட்டு எதற்கு என்று கமிட்டியில் நானே பெருமையடித்தேன். அதன் தாள்களைக் கிழித்துத் திருநீறு மடித்து வீடுவீடாகக் கொடுத்தோம்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, ஈப்போவில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் என் மனைவியின் தம்பி ஒரு டிஸ்க்கோடு வந்தான்.

"புது வெர்ஷன் மச்சான். இதப் போட்டுத்தான் இனிமே கம்ப்யூட்டரத் தொறக்கணும்."

"பழசுதான் நல்லா ஓடுதே."

"ஓடுதுன்னு நீங்க நெனச்சுக்கிட்டு இருக்கீங்க லா. பழசத் தூக்கிப் போடுங்க."

அவன் போனபிறகு எனக்கு மனசு வரவில்லை. நாள் தவறாமல் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்த பழைய டிஸ்க். ஆயுத பூசைக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கு வைப்பதுபோல, அதன் உறையில் பளபளவென்று தெரிந்த திறப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி மேடையில் சார்த்தினேன்.

மறுநாள் பட்டியலைத் திறந்தால், வெர்ஷன் தப்பு என்று ஒரே ஒரு வரி. தோட்டத்து ஆபீசிலிருந்து ஈப்போவுக்குப் போன் அடித்தேன்.

"பழைய டிஸ்க்கப் போட்டா தொறந்துடும் மச்சான்."

"அதுக்குச் சந்தனம் வச்சுட்டேன்பா."

"எங்க வச்சீங்க?"

"நடுவுலதான். பொட்டு வேற எங்க வைப்பாங்க?"

என் மனைவி ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தாள். உள்ளே விட்டதும் கம்ப்யூட்டர் கரகரவென்று இருமிவிட்டு அடங்கிவிட்டது.

விடிந்தால் திருவிழா. பென்சிலை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். முதல் வீட்டில் திருநீற்றுப் பொட்டலத்தைக் கேட்டேன்.

"குடுத்த திருநீறத் திருப்பிக் கேக்குற கோயில இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அந்த வீட்டு அண்ணி.

"திருநீறு வேணாம் அண்ணி, தாளு போதும்."

தாளில் இருந்தது பக்கத்து வீட்டுக்காரரின் நட்சத்திரம். "எங்களுது எங்ககிட்டயே கேட்டா சொல்லமாட்டோமா? வாயில என்ன பூட்டா போட்டிருக்கோம்?" என்றார் அண்ணி. கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கேட்டுக்கொண்டே போனேன். பட்டியலில் நான் ஏற்றிய பெரியவர் ஒருவர் காலமாகியிருந்தார். ஏற்றாத இரண்டு குழந்தைகள் பிறந்திருந்தன.

கடைசி லயத்து அக்கா வாசலிலேயே நின்றார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், இனி அழியாதுன்னீங்க?"

நான் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டேன்.

"சரி, எழுதுங்க. உத்திரட்டாதி, மீன ராசி. வீட்டுக்காரரு பேர நான் சொல்லமாட்டேன், ஒங்களுக்கே தெரியும்."

உள்ளேயிருந்து அவர் கணவரே தன் பேரை உரக்கச் சொன்னார்.

மறுநாள் காலை பூசாரி வாசித்த முதல் பேர் அதுதான். அக்கா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். அந்த நேரம் பார்த்து திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பி காதோரம் குனிந்தான்.

"அடுத்த மாசம் இதவிடப் புதுசு வருது மச்சான். எல்லாத்தையும் சரி பண்ணிடும்."

"பேசாம கும்புடு" என்றேன்.